மூடனுக்குப் பதில் சொல்லணுமா, கூடாதா?

கடைமடைக்காரன் (பொறையார் பக்கம்)

ரெண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது. எனக்கும் தம்பிக்கும் ஒரே வாய்க்காலில் முறைத் தண்ணீர். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பாதிக் கோபம் ஏறியிருக்கும். அன்று அவன் முறை. மடையைத் திறந்துவிட்டு மோட்டார் கொட்டகையில் தூங்கிவிட்டான். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு என் சம்பா நாற்றங்காலில் ஏறிவிட்டது. விதைத்து மூன்றே நாள். முளைகட்டிய விதை அத்தனையும் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. "அட முட்டாப்பயலே" என்று கத்தினேன். பக்கத்து வயலில் நடவுக்கு வந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு கோவிலில் வாசித்தது மத்தேயு 5. சகோதரனை "மூடனே" என்று சொல்கிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான். காணிக்கைப் பை என்னிடம் வந்தபோது கை எழவில்லை.

வீட்டில் வேதத்தைப் புரட்டினால் குழப்பம் கூடியது. அதே மத்தேயு 23-ல் இயேசுவே யூத சமயக் குழுவினரான பரிசேயரை "மதிகேடரே, குருடரே" என்கிறார். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அடுத்த வசனமே கொடு என்கிறது. அப்போஸ்தலர் 26-ல் பவுல் "நான் பயித்தியக்காரனல்ல" என்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது "நாங்கள் கிறிஸ்துவினிமித்தம் பைத்தியக்காரர்" என்கிறார். எதைப் பிடித்துக்கொள்வது?

பழைய அச்சு (தரங்கம்பாடி)

அண்ணே, இதில் பாதி முரண் தமிழில் வந்தது. இன்னொரு பாதியைத் தமிழ் மறைத்துவிட்டது.

கிரேக்கத்தில் மோரோஸ் என்று ஒரு சொல். மத்தேயு 5-ல் அது "மூடனே", 23-ல் "மதிகேடரே", 25-ல் எண்ணெய் எடுக்காமல் போன கன்னிகைகளுக்குப் "புத்தியில்லாதவர்கள்", கொரிந்தியரில் "பைத்தியக்காரர்". ஒரே சொல்லுக்கு நான்கு தமிழ். அதனால் இயேசு தடுத்த சொல்லை அவரே சொன்னார் என்பது நம் கண்ணில் படுவதில்லை. கிரேக்கத்தில் வாசிக்கிறவன் அங்கே நின்றுவிடுவான். 5-ல் பேச்சு கோபத்தைப் பற்றியது, 23-ல் பொன்னா தேவாலயமா என்று வாதாடுகிறவர்களைக் கண்டிக்கிறார் என்பது என் எண்ணம்.

பவுல் விஷயம் நேர் எதிர். அப்போஸ்தலர் 26-ல் ரோம ஆளுநர் பெஸ்து அவரைச் சொன்னது மைனோமை என்ற வினையால். புத்தி பேதலித்தவன் என்று பொருள். அதைத்தான் அவர் மறுக்கிறார். கொரிந்தியரில் ஏற்றுக்கொள்வது மோரோஸ், அதாவது உலகம் அசடு என்று சிரிக்கிற நிலை. ரெண்டுக்கும் தமிழில் பைத்தியம் என்று போட்டதால் முரணாகத் தெரிகிறது.

எங்கள் ஊரில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கினார். 1715-க்குள் புதிய ஏற்பாடு இங்கேயே தமிழில் அச்சாகிவிட்டது. எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ் என்ற வழக்கு இந்தக் கரைக்குப் புதிதில்லை.

கடைமடைக்காரன்

சரி. ஆனால் 5:22-ல் "நியாயமில்லாமல்" கோபித்துக்கொள்பவன் என்றுதானே இருக்கிறது? எனக்கு நியாயம் இருந்ததே, விதைநெல் போச்சே!

பழைய அச்சு

அதைப் பிடித்துத் தொங்காதீர்கள். வேதத்தின் மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் ஒன்றான, 4-ஆம் நூற்றாண்டின் வத்திக்கான் சுவடியில் அந்தச் சொல்லே கிடையாது. சீனாய்ச் சுவடியிலும் முதலில் எழுதியவர் அதை எழுதவில்லை. உங்களைப் போல நியாயம் இருந்த யாரோ பிற்பாடு சேர்த்திருக்கலாம்!

ஆற்றங்கரை (கும்பகோணம்)

நீதிமொழிகளுக்கு மட்டும் சொல்கிறேன். இந்த ரெண்டு வசனமும் முட்டிக்கொள்கிறதே, நூலையே மறைத்துவிடலாமா என்று யூத அறிஞர்கள் யோசித்ததாக, அவர்களுடைய பழைய விளக்க நூலான தல்மூதில் வருகிறது. கடைசியில், வேத விஷயத்தில் மூடனுக்குப் பதில் சொல், உலக விஷயத்தில் சொல்லாதே என்று பிரித்தார்கள். வாய்க்கால் தண்ணீர் எதில் சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கமலாலயக் கரை (திருவாரூர்)

நான் சைவ வீட்டுப் பெண், குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். சுந்தரர் கல்யாணத்தன்று, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையோடு வந்து நின்ற கிழவரைப் பித்தனோ என்று ஏசினார். வந்தது சிவன் என்று தெரிந்தபிறகு, எதைச் சொல்லிப் பாடுவது என்று தவித்தவரிடம், "என்னைப் பித்தன் என்றாயே, அப்படியே பாடு" என்று சொன்னதாகப் பெரியபுராணம். முதல் பதிகத்தின் முதல் சொல்லே "பித்தா". எங்கள் பாட்டி அதைப் பாடும்போது திட்டுகிற மாதிரியே இருக்காது, மடியில் உட்காரவைத்துக் கொஞ்சுகிற மாதிரி இருக்கும்.

கடைமடைக்காரன்

நேற்று சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். கிரேக்கம், சுவடி எல்லாவற்றையும் எனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னேன். தம்பி சம்சாரம் காபி வைத்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தது கேட்டது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ முட்டாப்பயன்னுதானே சொன்னே, மூடன்னு சொல்லலையே. உனக்கு எரிநரகம் எப்படி வரும்?" என்றான். நான் எழுந்து செருப்பைப் போடும்போது, தன் நாற்றங்காலில் எப்படியும் நாற்று மிஞ்சும், மறு விதைப்பு விதைத்துக் காலத்தைக் கடத்தாதே, எத்தனை முடி நாற்று வேண்டும் என்று மட்டும் சொல்லு என்றான்.