நிலாவரைக் கிணறு வற்றாதென்றால் அதை ஏன் இறைக்கக் கூடாது?

வடலி:
யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் 2024 ஓகஸ்ட்டில் திறந்த நிலையம் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீரைத் தரும் வகையில் கட்டப்பட்டது. உப்பைப் பிரிப்பதற்கு அது எவ்வளவு மின்சாரத்தை விழுங்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே புத்தூருக்கு அருகில், நவக்கிரியில், எந்தக் கோடையிலும் வற்றாத நிலாவரைக் கிணறு சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்ப்பதற்காகவே கிடக்கிறது. இராமர் அம்பெய்து உண்டாக்கினார் என்ற கதையை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். வற்றாமை கதையன்று, அதை நாம் கண்ணால் காண்கிறோம். அங்கே இயந்திரம் பூட்டித் தோட்டங்களுக்கு இறைத்த காலமும் உண்டு. அதையே பெருப்பித்து நகருக்குக் குழாய் போட்டால் என்ன குறை?

துலாக்கால்:
தம்பி வடலி, தண்ணீர் வற்றாது என்பது ஒன்று, நல்ல தண்ணீர் வற்றாது என்பது இன்னொன்று. நீங்கள் முதலாவதைக் கண்டுவிட்டு இரண்டாவதை அறிவிக்கிறீர்கள்.

புத்தூர் உள்ளிட்ட வலிகாமப் பகுதியின் அடியில் இருப்பது மயோசீன் என்ற மிகப் பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகைகளையும் வெடிப்புகளையும் உண்டாக்கியிருக்கிறது. அத்தகைய குகை ஒன்றின் கூரை இடிந்து விழுந்த பள்ளமே நிலாவரை, மனிதர் வெட்டிய கிணறன்று. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையே நிலத்துக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, உவர்நீர் பாரம் கூடியது என்பதால்தான் அப்படி மிதக்க முடிகிறது. ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் இதற்குக் கணக்குக் காட்டினார்கள்: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாக வாசித்துப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறி வரக்கூடும். நிலாவரையின் மட்டம் இறங்காமல் நிற்பதற்குக் காரணம் கடலோடு அதற்குள்ள தொடர்பு. நீங்கள் எடுத்த இடத்தை நிரப்ப வருவது யார் என்பதுதான் கேள்வி.

எங்கள் தோட்டத்தில் ஐயா துலா மிதித்து, மாமா பட்டையைக் கவிழ்த்து இறைத்த காலத்தில் கிணறு மாற்றம் காட்டியதில்லை; ஆள் களைத்ததும் இறைப்பு நின்றுவிடும், கிணறு ஊறிக்கொள்ளும். 1970களில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமல் நின்று, இங்குள்ள விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தபோது நாங்களும் மெசின் வாங்கினோம். மெசினுக்குக் களைப்பு ஏது? சில ஆண்டுகளுக்குள் பங்குனி பிறந்தாலே வெங்காயத் தாளின் நுனி கருகத் தொடங்கியது, குளிக்கும்போது சவர்க்காரம் நுரைக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் மட்டும் முன்போலவே நின்றது.

செம்மண்:
துலாக்கால் ஐயா சொன்ன அடிப்படை சரி, ஆனால் ஒன்றுக்கு நாற்பது என்பதை நிலாவரைக்கு அப்படியே பொருத்த முடியாது. அது சீரான மணற்படுக்கைக்கும், நன்னீரும் உவர்நீரும் கலக்காமல் தனித்தனியே நிற்கும் நிலைக்கும் உரிய கணக்கு. நம்முடைய கல்லிலோ ஓரிடத்தில் ஆள் நுழையும் குகையும், பத்து முழம் தள்ளி இறுகிய பாறையும் இருக்கலாம். இரண்டு நீரும் கலந்த சவர் வலயம் ஒன்றும் இடையில் உண்டு.

நிலாவரையில் போட்ட தேசிக்காய் நிலத்தடி வழியே போய்க் கடலோரத்துக் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்ற கதையை இனி யாராவது கொண்டு வருவார்கள், ஆகவே முந்திக்கொள்கிறேன். ஆடி அமாவாசைக்கும் மற்ற நாட்களுக்கும் சடங்கு செய்ய இவ்வளவு பேர் கூடும் கேணியில் ஒரு தேசிக்காய் மிதந்ததை எதற்கும் சான்றாகக் கொள்ள முடியாது. நிலத்தடி வழியைக் கண்டறிய வேண்டுமானால் சாயத்தைக் கரைத்துவிட்டு, அது எந்த ஊற்றில், எத்தனை நாளில் வெளிப்படுகிறது என்று பார்ப்பார்கள்.

வடலி:
தேசிக்காயை விட்டுவிடுகிறேன். கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவதை நீங்கள் மறுக்க முடியுமா? உள்நாட்டு மழைநீர் நிலத்தின் கீழாகக் கடலுக்குப் போகிறது என்பதற்கு அதைவிடச் சான்று எதற்கு? எவருக்கும் பயன்படாமல் போகும் அந்த நீரைக் கடலில் விழுமுன் மறித்து எடுப்பதால் யாருக்கு நட்டம்?

துலாக்கால்:
கிணற்றுக்குத்தான் நட்டம். கடலை அப்பால் தள்ளி வைத்திருப்பதே அந்த ஓட்டம்தான். வெளியே போகும் நீரின் ஒரு பங்கை எடுத்தால் கடல் அதற்கேற்ப உள்ளே வந்து நிற்கும், முழுவதையும் எடுத்தால் வாசலைத் திறந்து விட்டதற்குச் சமம். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாரி முடிந்த கையோடு, மேலடுக்கில் மட்டும், நாளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து இறைக்கலாம். நகரத்தின் தேவை அந்த அளவோடு அடங்குமா?

செம்மண்:
அப்படி அளந்து எடுத்தாலும் வலிகாமத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உரமும் மாட்டெருவும் மலக்குழிகளும் சேர்ந்து, பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டிவிட்டது. கீழடுக்கில் உப்பு, மேலடுக்கில் உரம்.

மாரி நீரைப் பிடித்து வைப்பதற்கு பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம் நிலாவரையைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து. வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆற்று நீரை உவரான ஆனையிறவு ஏரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி ஏரிக்கும் உப்பாற்றுக்கும் விட்டு, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகளால் கடலைத் தடுக்க நினைத்தார். ஏரிகள் நன்னீரானால் சுற்றியுள்ள கிணறுகளும் நன்னீராகும். அத்திட்டம் இன்றுவரை முழுமை பெறவில்லை.

வடலி:
ஆறுமுகத்தின் திட்டத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை பிடிக்கிறேன். கீரிமலை ஓட்டத்தில் ஒரு சிறு பங்கைக்கூட எடுக்க முடியாது என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் மட்டம் இறங்காமலே கிணறு சவராகலாம் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் மோட்டார் போடுமுன் ஒரு போத்தலும், இரண்டு மணித்தியாலம் ஓடியபின் ஒரு போத்தலும் எடுத்து, உப்புக் கூடினால் தானும் கூடும் மின்கடத்துதிறனை அளந்து பார்க்கப் போகிறேன். ஐயா, போத்தலை எத்தனை அடி ஆழத்துக்கு இறக்க வேண்டும்?

துலாக்கால்:
மேலே ஒன்று, அடியில் ஒன்று, இரண்டு தடவையும் எடுங்கள். அடியில் எடுக்கும் போத்தலின் வாயைத் தக்கையால் அடைத்து, கல் கட்டி இறக்கி, கீழே போனபின் வேறு கயிற்றால் தக்கையை இழுங்கள். இப்போது மாரித் தண்ணீர் நிற்கிறது, வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சித்திரையிலும் ஒருமுறை எடுத்துவிட்டு எழுதுங்கள்.