தாங்கல் கரைசல் கணக்கு: மடக்கையில் பூஜ்யம் வந்து நிற்கிறது, உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ படிக்கிறேன். அயனிச் சமநிலைப் பாடத்தில் ஒரே ஒரு வீட்டுப்பாடக் கணக்கு நேற்று ராத்திரியிலிருந்து படுத்துகிறது.

100 மி.லி. தாங்கல் கரைசல் (பஃபர், அதாவது கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஹெச் அதிகம் மாறாத கரைசல்). அதில் அசிட்டிக் அமிலம் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்), சோடியம் அசிட்டேட்டும் 0.1 மோலார். பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) 4.74. இரண்டும் சமம் என்பதால் பிஹெச் 4.74, இதுவரை சரி. இதில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. சேர்த்தால் பிஹெச் எவ்வளவு?

நான் செறிவையே நேராகக் கழித்தேன். அசிட்டேட் 0.1 – 0.1 = 0. ஹெண்டர்சன் சமன்பாட்டில் (பிஹெச் = பிகேஏ + மடக்கை (அசிட்டேட்/அசிட்டிக் அமிலம்)) போட்டால் பூஜ்யத்துக்கு மடக்கை எடுக்க வேண்டியிருக்கிறது! கால்குலேட்டரே எரர் காட்டிவிட்டது.

அப்புறம் மோலுக்கு மாற்றினேன். தொடக்கத்தில் இரண்டும் 0.010 மோல், சேர்த்தது 0.001 மோல். சேர்த்த அமிலம் அந்த அளவு அசிட்டேட்டை அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடும், அதனால் அசிட்டேட் 0.009, அசிட்டிக் அமிலம் 0.011. 4.74 + மடக்கை (9/11) = 4.65. புத்தக விடையும் இதுதான்.

ஆனால் கனஅளவு இப்போது 110 மி.லி. ஆச்சே, அதால் வகுக்கவே இல்லையே? வகுத்துப் பார்த்தேன், அதே 4.65. மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். பரீட்சையில் வகுக்காமல் எழுதினால் மதிப்பெண் குறைப்பார்களா?

இன்னொன்று: 10 மி.லி.க்குப் பதில் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 100 மி.லி. ஊற்றினால் அசிட்டேட் நிஜமாகவே தீர்ந்துவிடுமே. அப்போது வெறும் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் (200 மி.லி.யில் 0.020 மோல்) என்று வைத்து பிஹெச் 2.87 என்று போட்டேன். சரியா? தெரிந்த அண்ணா, அக்கா, சார் யாராவது சொல்லுங்கள். நாளை காலை நோட்டு வைக்கணும்.