செப்டிக் டேங்க் மரணம் பற்றி ஃபோரம் தியேட்டர்: எம்.எஸ்.டபிள்யூ (முதுநிலை சமூகப்பணி) களப்பணியில் எப்படிச் சேர்ப்பது?

களப்பணி ஆசிரியர்:
இரண்டாமாண்டு மாணவர்கள் 16 பேர், வாரம் 2 நாள், தூய்மைப் பணியாளர் குடியிருப்பு. வீதி நாடகம் போடுகிறார்கள். கைதட்டு விழுகிறது, கூட்டம் கலைகிறது, அவ்வளவுதான். பார்க்கிறவர்களே இறங்கிப் பேச வேண்டும். கதையை எங்கே நிறுத்துவது? மதிப்பெண் எதற்கு? பறை சேர்க்கலாமா?

அரங்கத்தான்:
நாடகம் 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் சார், அதையே மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வகுத்த ஃபோரம் தியேட்டர் முறையில் முதல் சுற்று தோல்வியில்தான் முடியும். தீர்வையும் நீங்களே காட்டிவிட்டால் எழுந்து வர யாருக்கும் வேலை இல்லை. உங்கள் கூட்டம் கலைவது அதனால்தான். இரண்டாம் சுற்றில் யாராவது 'நிறுத்து' என்றதும் நடிகர்கள் அப்படியே நிற்க, அவர் வந்து தொழிலாளியின் இடத்தை எடுத்துக்கொள்வார். ஒப்பந்தக்காரர் பாத்திரத்தை மட்டும் மாற்ற விடாதீர்கள். அவர் திடீரென்று நல்லவராகிவிட்டால் பேச ஒன்றும் மிஞ்சாது.

எழுந்து வரக் கூச்சப்படுவார்கள். அதற்கு ஒரு சிவப்புத் துண்டு போதும்: துண்டு யார் தோளிலோ அவர்தான் நாடகத்தின் தொழிலாளி 'காளி'. தயங்கும் அக்காவிடம் உட்கார்ந்த இடத்திலேயே துண்டைக் கொடுங்கள், அங்கிருந்தே பேசட்டும், நடிகர்கள் அவர் பக்கம் திரும்பட்டும்.

'இறங்க மாட்டேன்' என்று ஒருவர் சொன்னதும் கைதட்டி முடித்துவிடக் கூடாது. நடத்துபவர் (இந்த முறையில் ஜோக்கர் என்பார்கள்) உடனே கேட்க வேண்டும்: "நாளைக்கு வேலைக்கு வராதேன்னு சொன்னா? வாடகை?"

சட்டமும் சாக்கடையும்:
தீக்குச்சி கொளுத்திப் போட்டு வாயு பார்க்கும் காட்சி வேண்டவே வேண்டாம். மீத்தேன் இருந்தால் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. முதலில் இறங்கியவர் மயங்க, தூக்கப் போனவரும் சாவது திரும்பத் திரும்ப நடப்பது. அந்த இரண்டாமவர் லுங்கியை மடித்துக் கட்டும் நொடியில் முதல் சுற்றை நிறுத்துங்கள்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம்: முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மரணத்துக்கு 2014இல் 10 லட்சம் என்றிருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக்கியது. இதையெல்லாம் வசனத்தில் திணித்தால் பிரசங்கமாகிவிடும். ஜோக்கரின் சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டாக இருக்கட்டும், கேள்வி வரும்போது எடுத்தால் போதும்.

மதிப்பெண் பட்டியல்:
நடிப்புக்கு மதிப்பெண் வைத்தால் குரல் உள்ளவன் அள்ளிக்கொள்வான், வீடு வீடாக நடந்தவள் பின்தங்குவாள். 100இல் வீடு சந்திப்புக் குறிப்புகளுக்கு 30. பதிவேட்டுக்கு 40: எந்த இடத்தில் நிறுத்தினார்கள், என்ன செய்து பார்த்தார்கள், எதில் சிக்கினார்கள். மீதி 30, 15 நாளுக்குள் செய்த தொடர்வேலைக்கு: இ.எஸ்.ஐ. பதிவு, அடையாள அட்டை, மனு. பதிவேட்டில் பெயர் வேண்டாம், 'பெண், 40 வயதுக்கு மேல்' போதும். வீடியோவும் கூடாது. அது ஒப்பந்தக்காரரின் வாட்ஸ்அப்புக்குப் போனால் மறுநாள் ஒருவருக்கு வேலை இருக்காது.

பறையைப் பொறுத்தவரை முதலில் குடியிருப்பில் கேளுங்கள். சாவுக்கு அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பங்களில், இதை உரிமைக்குரலாக எடுப்பவர்களும் உண்டு, 'விட்டொழிச்சதை எதுக்கு மறுபடி?' என்பவர்களும் உண்டு. இரண்டாவது பதில் வந்தால் பறை இல்லை, விசில் போதும். சம்மதித்தால் கலைஞருக்குக் கூலியை முன்பே பேசிவிடுங்கள். 'விழிப்புணர்வுதானே' என்று ஓசியில் அடிக்கச் சொல்வது பழைய கட்டாயம்தான். பனி நேரத்தில் தோல் தொய்ந்துவிடும், வைக்கோல் தீயில் காய்ச்ச நேரம் ஒதுக்குங்கள்.

களப்பணி ஆசிரியர்:
ஜோக்கர் மாணவரா, குடியிருப்பு ஆளா?

அரங்கத்தான்:
முதல் 2 நிகழ்வுக்கு மாணவர். அதற்குள் யார் அடிக்கடி துண்டைக் கேட்டு வாங்குகிறார் என்று தெரிந்துவிடும். மூன்றாவதை அவரிடம் விடுங்கள், மாணவர் ஓரமாக உட்கார்ந்து பதிவேடு எழுதட்டும்.