பொருள்: கலைச்சொல் – ஆதென்டிசிட்டிக்குக் (authenticity) ‘காலச்சாயல்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ‘வரலாற்றுத் துல்லியம்’ என்ற சொல்லே போதும். ஆதென்டிசிட்டிக்குத் தனிச்சொல் எதற்கு?

போதாது என்பதே என் உறுதியான கருத்து. துல்லியம் என்பது வரலாற்றில் இருந்ததோடு பொருந்துவது; ஆதென்டிசிட்டி என்பது பார்ப்பவருக்கு அந்தக் காலமாகவே தோன்றுவது. பண்டைய வரலாற்றைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

2004-இல் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’ கி.மு. 270-இல் தொடங்குகிறது. அப்போது எகிப்தை ஆண்டவர்கள் தாலமி மரபினர். மாசிடோனிய வழிவந்தவர்கள், நீண்ட ஈட்டியேந்தி நெருங்கி நிற்கும் காலாட்படையை நம்பியவர்கள். விளையாட்டிலோ அதற்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன, பாரோ மன்னர்களின் புதிய அரசுக் காலத்தை (New Kingdom) நினைவூட்டும் தேர்களும் வில்லாளிகளும் வருகிறார்கள். துல்லியம் துளியும் இல்லை. ஆனாலும் பார்ப்பவருக்கு ‘இதுதான் எகிப்து’ என்று உடனே தோன்றிவிடுகிறது. 2018-இன் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ இதற்கு நேர்மாறு. கி.மு. 431-இன் ஏதென்ஸில் சிலைகளுக்கும் கோயில்களுக்கும் வண்ணம் பூசிக் காட்டியது. தொல்லியல்படி அதுதான் சரி. வெள்ளைப் பளிங்கைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்பும் நீலமும் அந்நியமாகப் படுகின்றன.

ஆகவே இந்த மடல் இழையில் மற்றவர்கள் முன்மொழிந்த ‘மெய்ம்மை’, ‘உண்மைத்தன்மை’ இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. உண்மை இல்லாத இடத்திலும் செல்லுபடியாக வேண்டிய சொல் இது. ‘நம்பகத்தன்மை’ ஏற்கெனவே இயந்திரங்களுக்கும் தரவுகளுக்கும் போய்விட்டது.

என் பரிந்துரை ‘காலச்சாயல்’. குழந்தையைப் பார்த்து ‘தாத்தாவின் சாயல்’ என்கிறோம். தாத்தாவே என்று சொல்வதில்லை; தாத்தாவை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோமோ அதற்கேற்பவே சாயலும் தெரிகிறது. எகிப்துத் தேர்களின் கதை இதேதான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தாலும் சொல் இடறவில்லை. ‘அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ்’ விளையாட்டுக்கு 2018-இல் வெளியான கல்விச் சுற்றுலாப் பதிப்பில், பண்டைய எகிப்தின் அலெக்சாந்திரியா நகர வகுப்பறையில் சிறுவரும் சிறுமியரும் சேர்ந்து படிக்கிறார்கள். அக்காலத்தில் அப்படி இல்லை என்றும், தெரிந்தே அப்படி அமைத்தோம் என்றும் உருவாக்கியவர்களே அங்கு குறிப்பிடுகிறார்கள். இதை ‘காலச்சாயல் கெடாமல் துல்லியத்தைத் தளர்த்திய இடம்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

> தொன்மக் கதைகளுக்கும் இதுவே பொருந்துமா?

பொருந்தாது. 2020-இல் முழுமையாக வெளிவந்த ‘ஹேடீஸ்’ விளையாட்டில் நாயகன் ஜாக்ரியூஸ் பாதாளக் கடவுளின் மகன். ஓர்ஃபிக் மரபு என்ற பண்டைய கிரேக்கச் சமய மரபிலோ அந்தப் பெயர் கடவுளரின் தலைவன் சீயூஸின் மகன் டயோனிசஸோடு இணைகிறது. கிரேக்கத் தொன்மம் பல வடிவங்களில் வாழ்ந்தது. எதை அளவுகோலாக வைப்பது? எந்தக் காலத்தின் சாயல் என்று கேட்பதும் அங்கே பொருளற்றது. 2015-இன் ‘அபோதியான்’ விளையாட்டைப் பாருங்கள். திரை முழுவதும் கிரேக்கக் கருவுருவ மட்கலங்களின் ஓவியம். செம்மண் நிறப் பின்னணியில் கறுப்பு மனிதர்கள் பக்கவாட்டில் ஓடுகிறார்கள். கதை புதிதாகப் புனைந்தது, ஆனாலும் அந்தக் கோடுகளைக் கண்டதும் கிரேக்கக் கடவுளர் வாழும் ஒலிம்பஸ் மலை கண்முன் வந்துவிடுகிறது. இதற்குத் ‘தொன்மச்சாயல்’ என்று தனியே வைக்கலாம்.

‘மரபுச்சாயல்’ இன்னும் விரிவானது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். எனக்கு அது அதிகம் விரிந்துவிடுவதாகப் படுகிறது. ஆடை, உணவு எல்லாம் உள்ளே வந்துவிடும். கிரேக்கப் புராணங்களை மொழிபெயர்த்த அனுபவம் உள்ளவர்கள் ‘தொன்மச்சாயல்’, ‘மரபுச்சாயல்’ இரண்டில் எது பொருத்தம் என்று சொன்னால் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம். ‘காலச்சாயல்’ குறித்து மறுப்பு இருந்தால் அதையும் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.

அன்புடன்