கிழங்கு மசிக்கும் கருவி: மத்தா, மசிப்பானா, மசிமத்தா?

வணக்கம். கைப்பிடிக்கு அடியில் துளைத் தட்டோ வளைந்த கம்பியோ வைத்த மாஷருக்குத் தமிழ்ப் பெயராக இங்கே முன்வைத்த 'மசிப்பான்' என்ற பரிந்துரை எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் மின்சாரத்தில் ஓடும் சாமான் மாதிரி இருக்கிறது. 'மத்து' என்றே விட்டுவிடலாம் என்பதையும் ஏற்க முடியவில்லை. வேலை வேறு.

மத்தால் கடைகிறோம். கீரையோ பருப்போ மண்சட்டியின் சுவரில் உரசி உரசிக் குழையும். நமக்கு வேண்டியதும் அந்தக் குழைவுதான். மாஷரில் கடைதலே இல்லை. மேலிருந்து அமுக்கினால் வெந்தது துளை வழியாக ஏறி உடையும், தூக்கி இடம் மாற்றி மறுபடி அமுக்க வேண்டும், அவ்வளவுதான். உருளைக்கிழங்கை மத்தால் நெடுநேரம் கடைந்து பாருங்கள், மாவுச்சத்து வெளிவந்து பசையாக இழுக்கும்.

எங்கள் குமரி மாவட்டத்தில் இதற்கு வினைச்சொல்லே தனியாக உண்டு: மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளிக்கிழங்கை) மயக்குவது, அதாவது மசிப்பது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார்; திருவிதாங்கூரில் இருந்த குமரி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அந்தக் கிழங்கு இங்கே வீட்டுச் சாப்பாடாகிப் பல காலம் ஆகியிருந்தது. தோலுரித்து, துண்டு போட்டு, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்து, நடு நரம்பை உருவிப் போட்டுவிட்டு, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், பூண்டு, மஞ்சள் சேர்த்த அரைப்பைக் கொட்டி, ஆவி பறக்கும்போதே மயக்க வேண்டும். ஆறவிட்டால் இறுகிவிடும், பிறகு எந்தக் கருவி வைத்தும் பயனில்லை. மெல்லிய கம்பி மாஷர் இதற்கு ஆகாது. கிழங்கு கம்பிக்கு நடுவில் அப்பிக்கொள்ளும், கம்பியும் வளையும். கனமான துளைத் தட்டும், முழுக் கையால் பிடித்துத் தோள் பலத்தோடு அமுக்கத் தோதான பிடியும் வேண்டும். மண்சட்டி என்றால் மரத்தாலானதுதான் நல்லது, இரும்பு மாஷர் சட்டியைக் கீறும். அப்புறம், முழுக்க மாவாக்கிவிடக் கூடாது. அங்கங்கே கட்டி நின்றால்தான் சாளை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட நன்றாக இருக்கும்.

அதனால் 'மயக்கி' என்று வைக்கத்தான் எனக்கு மிகவும் ஆசை. ஆனால் மாவட்டத்துக்கு வெளியே மயக்க மருந்து என்றுதான் நினைப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த வினை 'மசி'. சேனைக்கிழங்கு மசியல் தெரியாத வீடு குறைவு. அதோடு கையில் பிடிக்கும் கருவி என்பதைக் காட்ட மத்தைச் சேர்த்தால் 'மசிமத்து'. சொல்ல எளிது, கடைக்காரரிடம் கேட்டால் அவருக்கும் புரியும். வகை பிரிக்க வேண்டுமென்றால் கம்பி மசிமத்து, துளை மசிமத்து, மர மசிமத்து என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். கீரை கடைவது பழையபடி மத்தாகவே இருக்கட்டும்.

விளக்கம் இப்படி இருக்கலாம்: "மசிமத்து – வெந்த கிழங்கு, காய், பருப்பு முதலியவற்றை மேலிருந்து அமுக்கி மசிக்க உதவும் கைக்கருவி."

உருளைக்கிழங்கை உள்ளே வைத்து நெருக்கி நூலாகப் பிழியும் ரைசரை இதோடு சேர்க்க வேண்டாம். அது இடியாப்ப அச்சின் வகை, 'கிழங்குப் பிழி அச்சு' என்று தனியாகப் பதியலாம். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். நெல்லை, தஞ்சைப் பக்கம் வேறு சொல் வழக்கில் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.