எண்ண முடியாத பெயர்ச்சொல்லும் வினையும்: நீங்கள் தடுமாறிய இடம் எது?

என் ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்தபோது ஒரே பத்தியில் மூன்று சிவப்புக் கோடுகள். 'எவிடன்ஸஸ் ஹேவ் ஷோன்' என்று எழுதியிருந்தேன். தமிழில் 'சான்றுகள் காட்டுகின்றன' என்று கவனமாக எழுதிப் பழகியவள் நான். அந்தக் கவனமே ஆங்கிலத்தில் என்னைத் தவறான பக்கம் இழுத்துவிட்டது. சான்று, தகவல், அறிவுரை எல்லாவற்றோடும் நமக்குக் 'கள்' இயல்பாக ஒட்டும். ஆங்கிலத்தில் எவிடன்ஸ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் மூன்றும் எண்ண முடியாத பெயர்ச்சொற்கள், அதனால் ஒருமைதான். திருத்தும்போது கடைசி 'எஸ்'ஸை மட்டும் எடுத்தேன். 'ஹாஸ்' ஆக வேண்டிய 'ஹேவ்' அப்படியே நின்றது, கட்டுரை மறுபடி திரும்பியது.

அப்புறம் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் யாரும் ஏன் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பெரும்பாலும் இறந்தகாலத்தில் எழுதியிருந்தேன். 'கேம்', 'ஹெல்ப்ட்', 'சேஞ்ச்ட்' எல்லாம் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம். 'வாஸ், வேர்' மட்டுமே காட்டிக்கொடுக்கும். நிகழ்காலத்துக்கு வந்தாலோ 'இஸ்', 'ஹாஸ்', 'ஹெல்ப்ஸ்' என்று ஒவ்வொரு வினையிலும் முடிவு செய்தாக வேண்டும். இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நிகழ்காலத்துக்கு மாற்றிப் பார்த்துவிடுகிறேன்.

பதில் 1

எனக்கு ஃபர்னிச்சர். 'தி ஃபர்னிச்சர் இன் தீஸ் ரூம்ஸ் ஆர் ஓல்ட்' என்று அலுவலக அறிக்கையில் எழுதினேன். பக்கத்தில் இருந்த 'ரூம்ஸ்' வினையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பழசாகிப்போனது அறையா, மேசை நாற்காலியா என்று கேட்டுக்கொண்டால் 'இஸ்' தானாக வந்துவிடும்.

'பீஸ்' விஷயத்திலும் நெடுநாள் குழப்பம் இருந்தது. 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்றால் 'ஆர்', ஏனென்றால் எண்ணுவது பீஸை. ஆனால் 'எ லாட் ஆஃப்' அப்படியில்லை, பின்னால் வரும் சொல்தான் முடிவு செய்யும்: லக்கேஜ் வந்தால் 'வாஸ்', பேக்ஸ் வந்தால் 'வேர்'.

பதில் 2

நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். 'நியூஸ்' கடைசியில் எஸ் இருக்கிறதே, பிறகேன் 'இஸ்' என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தச் சொல் ஒரு காலத்தில் பன்மையாகவும் வழங்கியதுதான், பிறகு ஒருமையாக நிலைத்துவிட்டது. 'பட்டாணி'யின் கதை இதற்கு நேர்மாறு என்று சொன்னேன். முற்கால ஆங்கிலத்தில் பட்டாணியைக் குறித்த 'பீஸ்' (pease) என்பதே ஒருமை. கடைசி ஒலியைக் கேட்டு அதைப் பன்மை என்று நினைத்துவிட்டார்கள்; 17ஆம் நூற்றாண்டில் 'பீ' என்ற புதிய ஒருமையே பிறந்தது. ஆங்கிலம் பேசுபவர்களே தடுமாறிய இடம் இது என்று தெரிந்ததும் அவள் முகத்தில் இருந்த கூச்சம் போய்விட்டது. அடுத்த கேள்வி உடனே வந்தது: "அப்போ மேத்தமேட்டிக்ஸ்?"