இரவில் பனியன் நனையும் அளவுக்கு வியர்ப்பது புழுக்கத்தால்தானா?

கேள்வி:
பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன், வயது 41. சிறுவயது முதலே உள்ளங்கை வியர்க்கும் என்பதால், பட்டுப்புடவையை விரித்துக் காட்டுமுன் கையைத் துடைத்துக்கொள்வது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இரண்டு மாதங்களாக, மின்விசிறிக்கு நேர்கீழே படுத்தாலும், நள்ளிரவில் எழுந்து பனியன் மாற்றும்படி வியர்க்கிறது. எடையும் சற்றுக் குறைந்திருக்கிறது. தண்டையார்பேட்டைப் புழுக்கத்தில் யாருக்குத்தான் வியர்க்காது என்கிறார்கள் வீட்டில். வேறு காரணம் இருக்குமா?

பதில் 1:
ஐயா, நீங்கள் சொல்வது இரண்டு வேறு வியர்வைகள். உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் ஆகிய இடங்களில் இருபுறமும் ஒன்றுபோல் வியர்ப்பது பெரும்பாலும் 25 வயதுக்குள் தொடங்குவது. குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருக்கும். எனக்கும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வில் விடைத்தாள் நனையாதிருக்கக் கைக்குக் கீழே கைக்குட்டையை மடித்து வைத்து எழுதினேன். தோல் மருத்துவர் தந்த அலுமினியம் குளோரைடு பூச்சு ஓரளவு உதவியது. ஆனால் இந்த வியர்வை தூக்கத்தில் அடங்கிவிடும். ஆகவே உங்கள் இரவுத் தொல்லை இதனால் வருவதன்று.

பதில் 2:
ராயபுரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பணிபுரிகிறேன். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராமல் உடலிலேயே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் புழுக்கமே காரணமென்றால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் நனைய வேண்டுமல்லவா? இரவு வியர்வையோடு எடையும் குறைந்தால் காசநோயை முதலில் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலையில் காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைத்து, படபடப்பும் கைநடுக்கமும் இருந்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று பார்ப்பார்கள். கழுத்திலோ அக்குளிலோ கட்டி தென்பட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் வியர்வை கூடும்.

பதில் 3:
சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவரா நீங்கள்? என் தாயாருக்கு இப்படி வியர்த்த ஓர் இரவில் விரலில் குத்திப் பார்த்தபோது அளவு 58 இருந்தது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. இன்னொன்று: மார்பு அழுத்தத்தோடு உடல் சில்லிட்டு வியர்த்தால் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
சர்க்கரை இல்லை, மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. மனைவியின் தலையணை உலர்ந்தேதான் இருக்கிறது. இருமல் மூன்று வாரமாக உண்டு. கடையின் துணித்தூசி என்று விட்டுவிட்டேன். நாளைக் காலை ஸ்டான்லி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கிவிடுகிறேன்.